எலி கேட்டு வந்த வாடிக்கையாளர்

எர்ணாவூரில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். கூட்டத்தில் முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. அவர் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவருடைய கேள்விக்கு அன்று அரைகுறையாகவே பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இவ்விதழில் எழுதுவதாக ஒப்புக்கொண்டோம்.

நடந்தது இதுதான். அவர் கடைக்கு வாடிக்கையாக வரும் ஓர் இளைஞர், பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர், ஒருநாள் சாமான் வாங்கிவிட்டுத் தயங்கி நின்றிருக்கிறார்.

"அண்ணாச்சி, உங்க பொறியில எலி விழுந்தா வெளியில வீசிடாதீங்க. எனக்குக் குடுங்க."

"எலியை வச்சு என்ன தம்பி பண்ணப் போற?"

"வீட்டுல பாம்பு வளர்க்கிறேன் அண்ணாச்சி. வெளிநாட்டுப் பாம்பு, விஷம் கிடையாது."

எலி போனால் சரி என்று நம் உறுப்பினரும் கூண்டுப் பொறியில் விழுந்த ஒரு பெரிய எலியை உயிரோடு கொடுத்து அனுப்பிவிட்டார். இளைஞர் அதைப் பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு இரவு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். காலையில் வந்து பார்த்தால் எலி சுகமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. பாம்பின் முதுகுத்தோல் இரண்டு விரல் அகலத்திற்குக் கடித்துத் தின்னப்பட்டு உள்சதை தெரிகிறது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, தையல் போட்டு, பாம்பு பிழைத்தது. ஒரு வாரம் கழித்து அதே இளைஞர் மறுபடி வந்தார். "இனிமே உயிரோட வேணாம் அண்ணாச்சி, செத்த எலியாக் குடுங்க" என்றார். கூடவே, "உங்க ஐஸ்கிரீம் பிரீசர்ல ஓரமா ஒரு கவர் வச்சுக்கலாமா? மாசம் ஏதாவது குடுத்துடறேன்" என்றும் கேட்டார்.

உயிரெலி கொடுக்கலாமா, செத்த எலி கொடுக்கலாமா, பிரீசரில் இடம் கொடுக்கலாமா என்பவைதாம் உறுப்பினர் கேட்ட மூன்று கேள்விகள். நான்காவதாக ஒன்றும் இருக்கிறது, அதை அவர் கேட்கவில்லை. நாம் சொல்கிறோம்.

உயிரெலி

பாம்பு எலியைத் தின்னும் பிராணி, எலி பாம்பைத் தின்னுமா என்று பலர் கேட்பார்கள். வயலில் அந்தக் கணக்குச் சரி. அங்கே பாம்புக்குப் பசி எடுத்தால்தான் அது எலியைத் தேடிப் போகும். பசியில்லாத பாம்பைக் கண்ட எலி ஓடிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் எலி ஓட இடமில்லை, பாம்பு விலகவும் இடமில்லை. பாம்பு தோலுரிக்கும் தறுவாயில் இருந்தாலோ, உடல் குளிர்ந்திருந்தாலோ, புது இடத்தின் மிரட்சியில் இருந்தாலோ இரையைத் தொடாது. எலியோ எதையாவது கொறிக்காமல் இருக்க முடியாத பிராணி. அதன் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அரிசி மூட்டையையும் மரக்கதவையும் அறுக்கும் பல் அது என்பதை மளிகைக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. சில மணி நேரம் பசியோடு அடைபட்டால் பக்கத்தில் அசையாமல் கிடக்கும் பாம்பும் அதற்கு ஒரு தீனிதான். நம் உறுப்பினர் கொடுத்த எலி செய்தது அபூர்வமான காரியமல்ல. இவ்வகைக் காயம் பாம்பு மருத்துவத்தில் நன்கு அறிந்த ஒன்று. கண் போன பாம்புகளும் முதுகெலும்பு வரை கடிபட்ட பாம்புகளும் உண்டு.

பிடிக்கும் நேரத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பாம்பு சுற்றி இறுக்கும்போது எலி திரும்பிப் பல்லைப் பதித்தால் வாய் புண்ணாகிச் சீழ் பிடிக்கும்.

எலியின் பக்கமும் ஒன்று உண்டு. நாம் எலிக்குப் பரிந்து பேசினால் வணிகர்கள் கோபித்துக்கொள்வார்கள்; ஆண்டு முழுதும் அதனால் நட்டப்படுபவர்கள் அவர்கள்தாம். ஆனாலும் ஓட இடமில்லாத பெட்டியில் ஒரு பிராணியை மணிக்கணக்காக நடுங்க வைப்பது வேறு, கிடங்கைக் காக்க எலியை ஒழிப்பது வேறு. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், வேடிக்கைக்காக மட்டுமே ஒரு பிராணியை அடைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவதைக் குற்றம் என்றே சொல்கிறது. இன்று இதைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பி மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைப் பையன்கள் கூட்டமாக நின்று பார்த்துப் படமெடுக்கும் இடமாக நம் கடை ஆகிவிடக் கூடாது. இந்தச் சட்டத்திற்கு நம் சென்னையோடு தொடர்பு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து 1953இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இதற்கு வித்திட்டது.

ஆகையால் முதல் கேள்விக்குப் பதில், கொடுக்கக் கூடாது.

செத்த எலி

செத்த இரையைப் பாம்பு தின்னுமா என்றால், பெரும்பாலும் தின்னும். காட்டிலேயே செத்த இரையைத் தின்னும் பாம்புகள் பதிவாகியுள்ளன. பாம்பு இரையை அறிவது நாக்கை நீட்டி வாசனை பிடித்து. மலைப்பாம்பு இனத்தில் பலவற்றுக்கு உதட்டோரம் சூட்டை உணரும் குழிகளும் உண்டு. ஆகவே வாசனையும் இளஞ்சூடும் இருந்தால், நீண்ட இடுக்கியில் பிடித்து லேசாக அசைத்துக் காட்டினால், பழகிய பாம்பு எடுத்துக்கொள்ளும். வளர்ந்த பாம்புக்கு வாரத்திற்கோ இரண்டு வாரத்திற்கோ ஒரு எலி போதும். அதன் உடம்பின் மிகத் தடித்த இடத்தின் சுற்றளவைவிட எலி பெரிதாக இருக்கக் கூடாது. முதலைக் கையில் வைத்துக்கொண்டு சில மாதங்கள்கூடச் செலவில்லாமல் இருக்கத் தெரிந்த பிராணி அது. நம்மில் யாருக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை.

ஆனால் இதெல்லாம் வளர்த்த எலிக்கு. நம் கிடங்கில் செத்த எலி எதனால் செத்தது என்பதை யோசிக்க வேண்டும்.

கடைகளில் வைக்கப்படும் எலி மருந்துகளில் இரண்டு வகை அதிகம். ஒன்று கருஞ்சாம்பல் நிறத்தில் பூண்டு நாற்றம் வீசும் சிங்க் பாஸ்பைடு. மாவில் எண்ணெயோடு கலந்து வைப்பார்கள். எலியின் வயிற்று அமிலத்தில் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பி, சில மணி நேரத்தில் எலியைக் கொன்றுவிடும். மிச்ச மருந்து வயிற்றிலேயே இருக்கும். பூனை என்றால் குடலை ஒதுக்கிவிட்டுத் தின்னக்கூடும்; பாம்பு ஒதுக்குவதே இல்லை, தலை முதல் வால் வரை முழுசாக விழுங்கும். இன்னொன்று கேக்காகக் கிடைக்கும் புரோமடயலோன், 0.005 சதவீதம். இது இரத்தம் உறையவிடாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் நடமாடிவிட்டுத்தான் சாகும்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். "நான் மருந்தே வைப்பதில்லை, பொறிதான்" என்று சொல்கிற கடைக்காரரின் பொறியில் விழுந்த எலி, முந்தாநாள் பக்கத்துக் கடைக் கேக்கைத் தின்றுவிட்டு வந்ததாக இருக்கலாம். பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். அதன் ஈரலில் மருந்து இருக்கும். இப்படி எலி வழியாக நஞ்சேறிச் சாகும் ஆந்தை, பூனை, நாய் பற்றி நன்றாகவே தெரியும். வாடிக்கையாளரின் பாம்பை வைத்து நாம் புதிய பரீட்சை நடத்த வேண்டியதில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மனித உயிர்களைக் குடித்த காரணத்தால் தமிழக அரசு அதைத் தடை செய்துள்ளது. பழைய சரக்கு அலமாரியின் பின்னால் யாரிடமாவது கிடந்தால் விற்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம்.

கிடங்கு எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். மழைநீர் தேங்கும் நம் பகுதியில் இதை விளக்கத் தேவையில்லை. பொறியிலிருந்து எலியைக் கையால் எடுத்து, கவரில் போட்டு, அதே கையால் கல்லாவில் சில்லறை எடுத்துக் கொடுக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டாம் கேள்விக்கும் பதில் கொடுக்கக் கூடாது என்பதே.

அப்படியானால் அந்த இளைஞர் என்ன செய்வார்? இதற்கென்றே சுத்தமான இடத்தில் வளர்த்து, வலியில்லாமல் கொன்று, உறைய வைத்து விற்கும் எலிகள் உண்டு. மேல்நாடுகளில் பாம்பு வளர்ப்போரில் மிகப் பெரும்பாலோர் அதைத்தான் வாங்குகிறார்கள். இங்கும் பிராணித் தீனி விற்பவர்களிடம் கேட்டுப் பெற முடிகிறது. உறைய வைப்பதில் இன்னொரு லாபம், எலியின் உடலில் உள்ள பல ஒட்டுண்ணிகள் அதில் மடிந்துவிடும். அதைப் பயன்படுத்தும் முறையும் எளிது. முதல் நாள் இரவே தனிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறை நீங்க விட வேண்டும். பிறகு பையோடு வெதுவெதுப்பான நீரில் போட்டு உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நடுவில் பனிக்கட்டி இருந்தால் பாம்புக்குச் செரிக்காது, கக்கிவிடும். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. வெளியே வெந்து உள்ளே உறைந்தபடி இருக்கும், சில சமயம் வெடித்தும் விடும். வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. ஒருமுறை உறை நீங்கியதை மறுபடி உறைய வைப்பதும் தவறு. பாம்பு தொடாவிட்டால் புதைத்துவிட வேண்டியதுதான்.

பிரீசரில் ஓர் ஓரம்

மூன்றாம் கேள்விதான் வணிகருக்கு மிக நெருக்கமானது. மாதம் நூறோ இருநூறோ கிடைக்கிறது, ஓரமாக ஒரு கவர் கிடந்தால் என்ன என்று நம்மில் பலருக்குத் தோன்றும். கூட்டத்திலேயே இருவர் அப்படிச் சொன்னார்கள். அவர்களுக்காகவே இப்பகுதியைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

உறைநிலை கிருமியைக் கொல்லும் என்பது பரவலான நம்பிக்கை. பாக்டீரியாவைப் பொறுத்தவரை அது தவறு. குளிர் அதைத் தூங்க வைக்கிறது, அவ்வளவே. சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமி எலியின் குடலில் இருக்கக்கூடியது. எலி உறைந்தாலும் அது உயிரோடு இருக்கும். உறை நீங்கியதும் வேலையைத் தொடங்கிவிடும். இது ஏட்டுச் செய்தி அல்ல. அமெரிக்காவில் பாம்புத் தீனிக்காக விற்ற உறைந்த எலிகளால் பலருக்குச் சால்மொனெல்லா நோய் கண்டு, 2010இல் அந்தச் சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தது. பிரிட்டனில் 2015 முதல் இதேபோல் தீனி எலிகளோடு தொடர்புள்ள நோய் நூற்றுக்கணக்கானோருக்கு வந்தது. நோயுற்றவர்களில் பாம்பைத் தொடாத குழந்தைகளும் உண்டு. அந்த எலியை வைத்த பிரீசர், உறை நீக்கிய பாத்திரம், கழுவிய தொட்டி இவை வழியாகவே வீட்டில் கிருமி பரவும். வீட்டுக்கே இந்தக் கதி என்றால் கடைக்கு?

நம் கடைப் பிரீசரில் என்னென்ன இருக்கின்றன? குச்சி ஐஸ், கப் ஐஸ்கிரீம், உறைந்த பட்டாணி, சில கடைகளில் தோசை மாவு, பரோட்டா. குழந்தை கப்பைத் திறந்ததும் மூடியை நக்குகிறது. சமைத்துத் தின்னும் பண்டமாவது தீயில் வேகும், ஐஸ்கிரீம் வேகாது. பிரீசர் எப்போதும் உறைந்தே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. வெள்ளநீரோடு எண்ணெய்ப் படலமும் சேர்ந்து எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த நாட்கள் அவை. பிரீசரில் இருந்தவை எல்லாம் உருகி அடியில் ஒரே நீராகச் சேர்ந்ததை நாம் கண்டோம். அந்த நீரில் எலிக் கவரும் ஒன்று கிடந்திருந்தால், மின்சாரம் வந்ததும் எல்லாம் மறுபடி சேர்ந்தே உறைந்திருக்கும்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்றுக் கடை நடத்துகிறோம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பிரீசரைத் திறக்கும்போது எலி இருந்தால், அது வளர்ப்பு எலி, சுத்தமான எலி, வாடிக்கையாளர் எலி என்று எந்த விளக்கமும் எடுபடாது. அவர் எழுதப்போவது ஒரே வரிதான். அதைவிட முன்னால், பிரீசரைத் திறந்த ஒரு பெண்மணி பார்த்துவிட்டால் தெருவே அன்று சாயங்காலம் வேறு கடைக்குப் போய்விடும். இருபது வருடம் சேர்த்த பெயர் இருநூறு ரூபாய்க்கு விலைபோவது கட்டுப்படியாகாத வியாபாரம்.

கேட்காத கேள்வி

நான்காவது, அந்தப் பாம்பு எந்தப் பாம்பு என்பது.

நம் நாட்டுப் பாம்புகள், அதாவது நல்லபாம்பு, சாரை, கண்ணாடிவிரியன், மலைப்பாம்பு முதலியவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வளர்க்க யாருக்கும் உரிமை இல்லை. முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 'சாரைக் குட்டிதான் அண்ணாச்சி, சாதுவானது' என்று ஒருவர் தீனி கேட்டு வந்தால், கொடுக்கிறவரும் பேச்சில் இழுக்கப்படுவார்.

வெளிநாட்டுப் பாம்புகள் வேறு கணக்கு. சந்தையில் அதிகம் பேசப்படுவது ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பால் பைதான். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். (பால் என்றதும் நினைவு வருகிறது. ஆடி மாதத்தில் புற்றுக்கு ஊற்ற நம் கடைகளில் பால் நிறைய விற்கிறது. பக்தியில் தலையிட நாம் வரவில்லை. ஆனால் பாலைப் பாம்பு உணவாகக் கொள்வதில்லை.) இந்தப் பால் பைதான் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் இருப்பது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள பிராணிகளை வைத்திருப்போர் வனத்துறைக்கு அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28இல் வெளியாயின. மத்திய அரசின் பரிவேஷ் இணையவாயில் மூலம் இதைச் செய்கிறார்கள். திருட்டுத்தனமாக வருவதும் குறைந்தபாடில்லை. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பெட்டிகளில் 45 பால் பைதான்களைச் சுங்கத்துறை கைப்பற்றியது. ஆகவே தீனி விஷயமாக யார் பேச வந்தாலும், "பதிவுச் சீட்டு இருக்கிறதா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

தொழிலாகப் பாம்பு பிடிப்போர் கதையும் வணிகருக்குத் தெரிந்திருக்க வேண்டியதே. நம் செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள் முன்பு பாம்புத்தோல் வியாபாரத்திற்காகப் பிடித்துக் கொடுத்து வந்தவர்கள். 1972 சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்த வியாபாரத்தை ஒரேயடியாக மூடின. பிழைப்புப் போனவர்களைக் கொண்டு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. கிண்டி பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர் அதற்குத் துணை நின்றார். வடநெம்மேலியில் உள்ள அச்சங்கம் அரசு அனுமதித்த எண்ணிக்கையில் நால்வகை விஷப்பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறது. விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷமே மூலச்சரக்கு. தோலுக்காகக் கொன்ற சரக்கை உயிரோடு வைத்துப் பலமுறை விற்கக் கற்ற கூட்டுறவு அது. எலி பிடிப்பதிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகைய விட்டு, வளைக்குள் ஊதி, மருந்தே இல்லாமல் வயலெலியை வெளியேற்றுவார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கு பெருகித் தொல்லை தந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கிடங்கில் பாம்பு

எலி உள்ள கிடங்குக்குப் பாம்பு அழையாமலே வரும். பக்கிங்காம் கால்வாயும் சதுப்பும் சூழ்ந்த நம் பகுதியில், மழை பெய்தால் இரண்டுமே மேடு தேடிக் கடைக்குள் ஏறும். பெரும்பாலும் வருவது சாரை. விஷமில்லாதது. நல்லபாம்போடு இணையும் என்பது கட்டுக்கதை. இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து எழுவதாகப் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். எதுவானாலும் அடிக்காமல், கிட்டே போகாமல், தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிட வேண்டும். இன்ன பாம்பு என்று கண்டுபிடிக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

எலிக்கு வைக்கும் பசை அட்டையை மூட்டைகளுக்கு நடுவே வைப்பதைப் பலரும் எளிய வழியாகக் கருதுகிறார்கள். எலி அதில் ஒட்டி இரவு முழுதும் கிடந்து சாகும். அந்த எலியைத் தேடி வரும் பாம்பும் அதிலேயே ஒட்டும். அட்டையோடு பாம்பு துடித்துக்கொண்டிருக்கும் கிடங்கில் மூட்டை தூக்க எந்த ஆளும் நுழைய மாட்டார். மூட்டையைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கட்டையில் அடுக்கி, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்து, சாக்கடை வாய்க்குக் கம்பிவலை போட்டு, சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டினால் எலி பாதி குறையும். மீதிக்குப் பொறி.

நம் உறுப்பினர் இளைஞரிடம் மூன்றையும் மறுத்துவிட்டார். பதிவுச் சீட்டைப் பற்றியும் கேட்டார். இளைஞர் பழைய சின்னக் குளிர்பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கி அதில் வளர்ப்பெலி வைத்துக்கொள்கிறார் என்றும், ஜிப் வைத்த உறைகளை மட்டும் இவர் கடையில் வாங்குகிறார் என்றும் தகவல். இதற்கிடையே உறுப்பினரின் கிடங்கிலேயே பழைய பசை அட்டை ஒன்றில் சாரை ஒட்டிக்கொண்டது. வந்த பாம்பு பிடிப்பவர் சமையல் எண்ணெயைத் தடவித் தடவி அரைமணி நேரத்தில் அதைப் பிரித்தெடுத்தார். செலவான அரை லிட்டர் கடலை எண்ணெயை உறுப்பினர் தம் பேரேட்டில் 'இதர செலவு' என்று எழுதி வைத்திருந்ததை நாம் பார்த்தோம்.